ஸ்டேட்டஸ்: நிலையா, இருப்பா, குறிப்பா?

ஸ்டேட்டஸ், பெயர்ச்சொல். உரையாடல் மென்பொருளில் ஒருவர் இப்போது கணினி முன் இருக்கிறாரா, பேசக்கூடிய நேரமா என்பதை அவர் பெயருக்குப் பக்கத்தில் காட்டும் சிறு வண்ணப் புள்ளி. அதன் கீழே அவரே எழுதி வைக்கும் ஒரு வரிக்கும் அதே பெயர்தான். கைபேசிக்கு வந்தால், 24 மணி நேரம் நின்று மறைகிற படமும் வீடியோவும்கூட ஸ்டேட்டஸ்தான். மூன்று வேறு பொருள்களை ஒரே சொல்லால் அழைத்துப் பழகிவிட்டோம். பேச்சில் இது உறுத்துவதில்லை. மென்பொருளின் அமைப்புகளைத் தமிழாக்க உட்காரும்போதுதான் இடறுகிறது.

சொல்லின் வேர் லத்தீன். ‘ஸ்டாரே’ என்றால் நிற்பது. அதிலிருந்து வந்த ‘ஸ்டேட்டுஸ்’ என்றால் நிற்கும் விதம், நின்ற இடம். அரசைக் குறிக்கும் ஸ்டேட், நிற்க வைத்த உருவமான ஸ்டாச்சூ, மலைத்தோட்டங்களுக்கு நாம் சொல்லும் எஸ்டேட் எல்லாம் இந்தக் குடும்பம்தான். வடமொழியின் ‘ஸ்தா’ என்ற வேரும் இவற்றின் உறவு. ஸ்தானமும் ஸ்திதியும் அதிலிருந்து வந்தவை. பழைய பத்திரிகைத் தமிழில் ‘தேக ஸ்திதி’ என்று எழுதினார்களே, அதுவும் ஒருவகை ஸ்டேட்டஸ்தான்.

தமிழின் ‘நில்’லுக்கு அந்தக் குடும்பத்தோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது திராவிட வேர். ஆனால் அது நடந்த வழி அப்படியே ஒத்துப்போகிறது. நில் என்ற வினையிலிருந்து நிலை பிறந்தது. முதலில் நிற்றல், பிறகு நிற்கும் இடம், பிறகு இருக்கும் தன்மை, கடைசியில் சமூகத்தில் ஒருவருக்கு உள்ள உயர்வு. ‘தலையின் இழிந்த மயிரனையர் மாந்தர் நிலையின் இழிந்தக் கடை’ என்ற 964ஆம் குறளில் வரும் நிலை இந்தக் கடைசிப் பொருளில்தான் நிற்கிறது. அந்தஸ்து என்ற பொருளையும் ‘இப்போது எப்படி இருக்கிறது’ என்ற பொருளையும் சேர்த்துச் சுமப்பதில் ஸ்டேட்டஸுக்கு நிலை எந்த வகையிலும் குறைந்ததல்ல. ஆகவே தனியாக நிற்கும் ஸ்டேட்டஸுக்கு ‘நிலை’ என்று போட்டுவிட்டுத் தயங்காமல் அடுத்த சொல்லுக்குப் போகலாம். வம்பெல்லாம் அது மற்றச் சொற்களோடு சேரும்போதுதான்.

கணினியில் இந்தப் பொருள் எப்போது வந்தது? 1971இல் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் லெஸ் எர்னெஸ்ட் என்பவர் ‘ஃபிங்கர்’ என்ற நிரலை எழுதினார். ஒரே பெரிய கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட காலம். யார் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டும் பட்டியல் ஏற்கெனவே இருந்தது. ஆட்கள் திரையில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகத் தேடுவதைப் பார்த்துத்தான் அந்தப் பெயரை வைத்தார். முழுப்பெயர், கடைசியாக விசையைத் தொட்டு எவ்வளவு நேரம் ஆகிறது ஆகிய விவரங்களை ஃபிங்கர் காட்டியது. கூடவே ‘பிளான்’ என்று ஒரு கோப்பு. வெளியூர் போகிறவர் எப்போது திரும்புவார், அவரை எப்படிப் பிடிக்கலாம் என்று எழுதி வைப்பதற்காக வந்தது அது. அதை வைத்தவுடனே ஆட்கள் அதில் நகைச்சுவையும் உலக விமர்சனமும் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். இன்றைக்குப் பாடல் வரியை ஸ்டேட்டஸாக வைப்பவர்களைக் கடிந்துகொள்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: பயனுள்ள தகவலுக்கென்று ஒதுக்கிய இடத்தில் வம்பளப்பது இந்த வழக்கத்தோடு கூடவே பிறந்த குணம்.

1996 நவம்பரில் இஸ்ரேலின் மிராபிலிஸ் நிறுவனம் ஐசிக்யூ என்ற உரையாடல் மென்பொருளை வெளியிட்டது. இணைப்பில் இருந்தால் பச்சைப் பூ, இல்லாவிட்டால் சிவப்புப் பூ. அதற்குள்ளேயே வகைகள்: வெளியே, வேலையில், தொந்தரவு வேண்டாம், அரட்டைக்கு வரலாம், கண்ணுக்குத் தெரியாமல். 1997இல் வந்த, ஏஓஎல் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஏஓஎல் மெசஞ்சர் ‘அவே மெசேஜ்’ என்பதைப் பரப்பியது. இடத்தில் இல்லாதபோது யாராவது பேசினால், எழுதி வைத்த வரியைத் தானே பதிலாக அனுப்பிவிடும். 1998இல் யாஹூ பேஜர் வந்து அடுத்த ஆண்டே யாஹூ மெசஞ்சர் ஆனது. தமிழ்நாட்டின் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்குக் காசு கொடுத்து உட்கார்ந்தவர்களுக்கு அறிமுகமான ஸ்டேட்டஸ் பெரும்பாலும் இதுதான். இந்த ஆளுக்கு மட்டும் நான் இல்லாததுபோலத் தெரிய வேண்டும், மற்றவர்களுக்கு இருப்பதுபோலத் தெரிய வேண்டும் என்று ஆள் ஆளாகப் பிரித்து வைக்கும் வசதி அதில் இருந்தது. நாகரிகமாகச் சொன்னால் தனியுரிமை. உள்ளதைச் சொன்னால், பேசப் பிடிக்காதவரிடமிருந்து ஒளிந்துகொள்வது. ஏஓஎல் மெசஞ்சர் 2017இலும் யாஹூ மெசஞ்சர் 2018இலும் மூடப்பட்டன. எல்லாவற்றுக்கும் மூத்த ஐசிக்யூ 2024 ஜூன் வரை ஓடியது.

புள்ளியும் வரியும் வேறு வேறு என்பதைப் பொறியாளர்கள் தொடக்கத்திலேயே தெளிவாகப் பிரித்துவிட்டார்கள். ஜாபர் என்று 1999இல் தொடங்கி, பிறகு எக்ஸ்எம்பிபி என்று தரப்படுத்தப்பட்ட, உரையாடல் மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் நெறிமுறையில் ‘ஷோ’ என்று ஒரு கூறு, ‘ஸ்டேட்டஸ்’ என்று இன்னொரு கூறு. ஷோவுக்கு வரையறுத்த மதிப்புகள் நான்குதான்: சற்று வெளியே, நீண்ட நேரம் வெளியே, தொந்தரவு வேண்டாம், பேச ஆவல். எதையும் குறிப்பிடாவிட்டால் சாதாரணமாக இருக்கிறார் என்று பொருள். ஸ்டேட்டஸ் கூறில் மனிதர் தம் விருப்பப்படி எதையும் எழுதலாம். இரண்டையும் உள்ளடக்கிய மொத்தத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பிரசென்ஸ்’. இயந்திரம் படிப்பது ஒன்று, மனிதர் படிப்பது ஒன்று. தமிழாக்குபவர் இந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இதை நேரில் பார்க்க விரும்பினால் பிட்ஜின் என்ற மென்பொருளைத் திறந்து பாருங்கள். கெய்ம் என்ற பெயரில் 1998இல் தொடங்கி, பெயர் பற்றிய சட்டத் தகராறில் ஏஓஎல்லோடு சமரசமாகி, 2007இல் பிட்ஜின் ஆனது. பல உரையாடல் கணக்குகளை ஒரே சாளரத்தில் வைத்துக்கொள்ளலாம். நண்பர் பட்டியலின் அடியில் நிலையைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி இருக்கிறது. அதில் புதிய நிலை ஒன்றை உருவாக்கப் போனால் தலைப்பு, நிலை, செய்தி என்று மூன்று இடங்கள் வரும். தலைப்பு உங்கள் வசதிக்கு மட்டும், நிலைதான் புள்ளி, செய்திதான் வரி. கீழே ஒரு தேர்வுப் பெட்டி: சில கணக்குகளுக்கு மட்டும் வேறு நிலை. அலுவலகக் கணக்கில் ‘கூட்டத்தில்’ என்றும் நண்பர்கள் கணக்கில் ‘இருக்கிறேன்’ என்றும் ஒரே சொடுக்கில் வைத்துக்கொள்ளலாம். அடிக்கடி பயன்படுத்துவதைச் சேமித்தும் வைக்கலாம். சேமித்தவை எல்லாம் உங்கள் பயனர் அடைவுக்குள் ‘.பர்ப்பிள்’ என்ற கோப்புறையில், ஸ்டேட்டஸ் என்ற பெயரிலேயே உள்ள எக்ஸ்எம்எல் கோப்பில் இருக்கின்றன. புதிய கணினிக்கு மாறுகிறவர் அந்தக் கோப்புறையை அப்படியே நகலெடுத்துப் போட்டால் போதும். ஒரு எச்சரிக்கை: கடவுச்சொல்லை நினைவில் வைக்கச் சொல்லியிருந்தால், அதே கோப்புறையில் கணக்குகளுக்கான கோப்பில் அது மறைகுறியாக்கம் எதுவும் இல்லாமல் எழுத்து எழுத்தாக இருக்கும். பென் டிரைவில் போட்டுக்கொண்டு திரியும் கோப்பு அல்ல அது.

பிட்ஜினின் விருப்ப அமைப்புகளில் மிகவும் யோசித்துச் செய்த பகுதி ‘ஐடில்’ பற்றியது. நீங்கள் அசையாமல் இருக்கிறீர்கள் என்பதை எதை வைத்துக் கணக்கிடுவது? மூன்று வழிகள் தரப்படுகின்றன. கடைசிச் செய்தி அனுப்பிய நேரத்திலிருந்து எண்ணலாம். விசைப்பலகையும் மவுஸும் ஓய்ந்த நேரத்திலிருந்து எண்ணலாம். ஒருபோதும் சொல்லாதே என்றும் விட்டுவிடலாம். இரண்டாவதைத் தேர்ந்தால், அச்சிட்ட கட்டுரையை மேசையில் வைத்துப் படிக்கிற மனிதர் உலகின் கண்ணுக்குச் சோம்பேறியாகத் தெரிவார். அலுவலக மென்பொருள்களில் இந்தத் தேர்வைப் பயனரிடம் விடுவதில்லை. பச்சை தானாகவே மஞ்சளாகிறது, மஞ்சளை மேலாளர் பார்க்கிறார். மவுஸைத் தானே அசைத்துக்கொண்டிருக்கும் சிறு கருவிகள் கடையில் விற்பனைக்கு வந்திருப்பது இதனால்தான். முன்பு அலுவலகச் சுவரில் பெயருக்கு எதிரே ‘உள்ளே’, ‘வெளியே’ என்று தள்ளி வைக்கும் மரப்பலகை இருக்குமே, அதில் கட்டையைத் தள்ளியது நம் கைதான். இப்போது கட்டை தானே நகர்கிறது, நம்மைக் கேட்காமல்.

‘ஐடில்’ என்பதற்குச் ‘செயலற்ற’ என்று போடுகிறார்கள். செயலற்றது என்றால் கெட்டுப்போனது, வேலை செய்யாதது என்ற தொனி வந்துவிடுகிறது. ‘சும்மா’ என்பது இன்னும் மோசம், அது மனிதர் மேல் சொல்லும் பழி. இயந்திரம் அறிந்தது ஒன்றே ஒன்று: விசையில் அசைவு இல்லை. ‘அசைவில்லை’ என்றே எழுதலாம்; அதற்கு மேல் அதற்குத் தெரியாது.

அடுத்தது ‘அவைலபிள்’. இதற்குக் ‘கிடைக்கும்’ என்ற தமிழைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பால் டிப்போ நினைவுதான் வருகிறது. ஆட்கள் கிடைப்பதில்லை, இருக்கிறார்கள். பள்ளியில் பெயர் கூப்பிட்டால் ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல்லைத் தேடி எங்கும் போக வேண்டியதே இல்லை. ஆங்கிலச் சொல்லுக்குத் தன்மையும் படர்க்கையும் கிடையாது. தமிழ் வினைக்கு உண்டு. அதனால் நான் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் ‘உள்ளேன்’ என்றும், அடுத்தவர் பார்க்கும் இடத்தில் ‘உள்ளார்’ என்றும் இரண்டு வடிவங்கள் வேண்டும். மென்பொருளில் ஒரே சரத்தை, அதாவது திரையில் வரும் எழுத்துத் தொடரை, இரண்டு இடத்திலும் பயன்படுத்தியிருந்தால் மொழிபெயர்ப்பாளர் கையைப் பிசைய வேண்டியதுதான். நிரலாளரிடம் இரண்டாகப் பிரித்துத் தரும்படி கேட்பதே சரி. இதே முறையில் ‘இடத்தில் இல்லை’, ‘வேலையில் உள்ளார்’, ‘தொந்தரவு வேண்டாம்’, ‘மறைந்துள்ளேன்’ என்று மற்றவையும் இயல்பாக அமைந்துவிடும்.

‘பிரசென்ஸ்’ என்பதற்கு ‘இருப்பு’ என்கிறார்கள். தனிச்சொல்லாக அது சரியான பொருள்தான். ஆனால் ‘பிரசென்ஸ் ஸ்டேட்டஸ் மெசேஜ்’ என்பதை ஒவ்வொன்றாக மாற்றினால் ‘இருப்புநிலைக் குறிப்பு’ வருகிறது. தமிழ்நாட்டில் கணக்குப்பதிவியல் படித்த எவருக்கும் அது சொத்தும் கடனும் இரு பக்கமும் எழுதிச் சரிபார்க்கும் அறிக்கை. அரட்டை மென்பொருளைத் திறந்தவுடன் உங்கள் இருப்புநிலைக் குறிப்பை எழுதுங்கள் என்றால் தணிக்கையாளரைத்தான் கூப்பிட வேண்டும். அதே அறிக்கையை ஐந்தொகை என்று சொல்லும் இலங்கைத் தமிழர்களுக்கு இந்தக் குழப்பம் வராது. எப்படியானாலும் ‘இருப்பு’ இங்கே தேவையில்லை. புள்ளிக்கு நிலை, வரிக்கு நிலைக்குறிப்பு. முகநூல் பரவியபோது எழுதுபவர்களிடையே புழங்கிய ‘நிலைத்தகவல்’ நல்ல சொல்தான். ஆனால் அது பத்தி பத்தியாக எழுதும் பதிவுக்குப் பழகிவிட்டது. ஒரு வரிக்குக் குறிப்பு போதும்.

வாட்ஸ்அப் தொடங்கிய கதையிலும் இந்த ஒரு வரிதான் இருக்கிறது. 2009இல் ஜான் கூம் அதை உருவாக்கத் தொடங்கியபோது நோக்கம் செய்தி அனுப்புவது அல்ல. முகவரிப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் ‘கூட்டத்தில் இருக்கிறேன்’, ‘பேட்டரி தீரப்போகிறது’ போன்ற நிலைக்குறிப்பைக் காட்டுவதுதான். நிலை மாறினால் நண்பர்களுக்கு அறிவிப்புப் போகும் வசதி அந்த ஆண்டு ஐபோனில் வந்ததும், ஆட்கள் நிலைக்குறிப்பிலேயே ஒருவருக்கொருவர் பேச ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்துத்தான் செய்தி வசதி சேர்ந்தது. 2017 பிப்ரவரியில் ஸ்டேட்டஸ் என்ற பெயரை 24 மணி நேரப் படங்களுக்குக் கொடுத்துவிட்டு வரியை எடுத்தபோது பயனர்கள் முணுமுணுத்தார்கள். அடுத்த மாதமே வரி ‘அபௌட்’ என்ற வேறு பெயரில் திரும்பி வந்தது. அந்தப் படங்களை மொழிபெயர்க்க எனக்கு விருப்பமில்லை. பிறந்தநாள் வாழ்த்தும் கோயில் கோபுரமும் அரசியல் வசனமும் யாருடைய நிலையையும் சொல்வதில்லை. அவை ஸ்டேட்டஸ் என்றே இருக்கட்டும்.

வினையையும் கவனிக்க வேண்டும். செய்தியைப் ‘போடு’கிறோம், ‘அனுப்பு’கிறோம், ஸ்டேட்டஸை ‘வைக்கிறோம்’. விளக்கு வைப்பது, பானர் வைப்பது, பூ வைப்பது எல்லாம் இந்த வினைதான்: பிறர் பார்க்கும்படி, எடுக்கும் வரை நிற்கும்படி வைப்பது. மக்கள் தாமாகவே தேர்ந்துகொண்ட இந்த வினையை ஏன் மெனுக்களில் காணோம்? ‘நிலையை அமை’, ‘நிலையைப் புதுப்பி’ என்பதற்குப் பதில் ‘நிலைக்குறிப்பு வை’ என்றால் பாட்டிக்கும் புரியும். இப்போதைய அலுவலக மென்பொருள்களில் குறிப்பு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று கேட்கும் வரி ஒன்று இருக்கிறது: அரை மணி, ஒரு மணி, இன்று முழுவதும். விடுமுறை முடிந்து வந்து இரண்டு வாரமாகியும் ‘ஊரில் இல்லை’ என்று நிற்கிறவர்களுக்காகவே செய்த வசதி. அதற்கு ‘பின்னர் அழி’ என்று தலைப்பிடுவது வழக்கம். அழிப்பது எழுதியதை; வைத்ததை எடுப்போம். ‘எப்போது எடுக்க வேண்டும்?’ என்று போட்டுவிடலாம்.