வயிறு நிறைந்தும் பட்டினி

"வயிறு நிறைய இரை இருக்கே டாக்டர், பட்டினியால எப்படிச் செத்திருக்கும்?"

இறந்த காட்டு வாத்தைப் பிரேதப் பரிசோதனை செய்யும்போது பக்கத்தில் நிற்பவர்கள் கேட்கும் கேள்வி. நியாயமானதுதான். மார்புத் தசை வற்றி, எலும்பு கத்திபோல் துருத்திக்கொண்டிருக்கும், வயிறோ புடைத்திருக்கும்.

பறவைக்குப் பல் கிடையாது, அரைக்கும் வேலையையும் வயிறுதான் செய்ய வேண்டும். அதனால் அது இரண்டு அறையாக இருக்கிறது. முதல் அறை சுரப்பி இரைப்பை. நம் வயிற்றில் அமிலத்துக்கு ஒரு செல், புரதத்தைச் செரிக்கும் பெப்சின் என்ற நொதியின் மூலப்பொருளுக்கு வேறொரு செல். பறவையிலோ ஒரே செல் இரண்டையும் சுரக்கிறது.

அடுத்தது அரைவைப்பை. வாத்தில் இது கெட்டியான தசைக் கட்டி. உட்புறம் சுரப்பிகளின் கசிவே இறுகி, கொய்லின் என்ற கடினப் படலமாகப் படிந்திருக்கும். பித்தம் பின்னேறி வருவதால் அதில் மஞ்சளோ பச்சையோ ஏறும். ஆந்தைக்கு இவ்வளவு தசை தேவையில்லை. எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். (அந்த உருண்டையை எச்சம் என்று நினைப்பவர்கள் நிறைய.)

அரைப்பதற்கு வாத்து சிறு கற்களை விழுங்கும். வேட்டைத் துப்பாக்கியிலிருந்து சிதறி ஏரியடியில் கிடக்கும் ஈயக் குண்டுக்கும் கல்லுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. தசை குண்டைத் தேய்க்கும், அமிலம் கரைக்கும், ஈயம் இரத்தத்தில் ஏறும். நரம்பு பாதித்து வயிற்றுத் தசை செயலிழக்க, தின்றது கீழே இறங்காமல் சுரப்பி இரைப்பையிலேயே தேங்குகிறது. கேள்விக்கு விடை இதுதான். நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டுக்கு அமெரிக்கா 1991இல் நாடு முழுவதும் தடை விதித்ததற்கு இந்தச் சாவுகள் முக்கியக் காரணம்.

எக்ஸ்ரேயில் குண்டு தெரியவில்லை என்பதால் ஈயம் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது; முழுக்கத் தேய்ந்துபோயிருக்கலாம். ஈரலில் ஈய அளவைப் பார்த்தாக வேண்டும்.

ஒரு வேண்டுகோள். இறந்த பறவையை ஃப்ரீசரில் வைத்துக் கொண்டுவராதீர்கள். பனித் துகள்கள் செல்களைக் கிழித்துவிட்டால் நுண்ணோக்கியில் நான் பார்ப்பது வெறும் கந்தல். வெளியே போட்டுவைத்தாலும் ஆபத்து: செத்த பிறகும் பெப்சின் ஓயாது, வயிற்றின் சுவரையே செரிக்கும். கையுறை போட்டு எடுத்து, இரண்டு பைகளில் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே கொண்டுவந்துவிடுங்கள்.