சைட்டேஷன்: மேற்கோள் வேறு, சான்றுக்குறிப்பு வேறு

ஆய்வேடுகளில் 'சைட்டேஷன்' என்பதற்கு 'மேற்கோள்' என்று எழுதுவதே பரவலான வழக்கம். தமிழ் விக்கிப்பீடியாவிலும் கட்டுரையின் அடியில் வரும் சான்றுப் பட்டியலுக்கு 'மேற்கோள்கள்' என்றுதான் தலைப்பு. சிக்கல் என்னவென்றால், 'கொட்டேஷன்' என்பதற்கும் நாம் சொல்வது மேற்கோள்தான். பிறருடைய சொற்களை அப்படியே எடுத்தாள்வது ஒரு செயல். ஒரு கருத்து எங்கிருந்து வந்தது என்று காட்டுவது இன்னொரு செயல். இரண்டுக்கும் ஒரே சொல் என்றாகிவிட்டதால், "அவர் சொற்களை நான் எடுக்கவில்லை, என் நடையில்தானே எழுதினேன், பிறகு மேற்கோள் எதற்கு?" என்று மாணவர் நினைத்துவிடுகிறார். சொற்களை மாற்றினாலும் கருத்து பிறருடையதுதான். அதன் மூலத்தைச் சொல்லாமல் விட்டால் அது கருத்துத் திருட்டு. ஆகவே இரண்டு செயல்களுக்கும் இரண்டு சொற்கள் வேண்டும்.

சைட்டேஷன் என்ற சொல்லின் வேர் லத்தீன் மொழியின் 'சிட்டாரே': அசைத்தல், எழுப்புதல், பெயர் சொல்லி அழைத்தல். ஆங்கிலத்தில் அது முதலில் நீதிமன்றச் சொல்லாக, குறிப்பாகத் திருச்சபை நீதிமன்றங்களின் அழைப்பாணையைக் குறித்து வழங்கியது. பிறகுதான் வாதத்துக்கு வலுச்சேர்க்க ஒரு நூலையோ தீர்ப்பையோ 'அழைப்பது' என்ற பொருள் ஏற்பட்டது. எந்தத் தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தத் தீர்ப்புகள் எடுத்துக்காட்டின என்று காட்டும் அட்டவணையை அமெரிக்காவில் ஃபிராங்க் ஷெப்பர்ட் 1873-இல் தொடங்கினார். வழக்கறிஞர்களுக்கான அந்த ஏற்பாட்டை அறிவியல் கட்டுரைகளுக்கும் கொண்டுவரலாம் என்று யூஜின் கார்ஃபீல்டு 1955-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். அவர் உருவாக்கிய அறிவியல் சான்றடைவின் (சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்) தொடர்ச்சிதான் இன்றைய 'வெப் ஆஃப் சயின்ஸ்' தரவுத்தளம். கூகுள் ஸ்காலரில் ஒவ்வொரு கட்டுரையின் கீழும், அதை எத்தனை ஆக்கங்கள் சான்றாகக் காட்டியிருக்கின்றன என்று வரும் எண்ணும் அதே எண்ணத்தின் வழிவந்ததே.

'மேற்கோள்' என்பதன் கதை வேறு. மேல் + கோள். மேற்கொள்வது, தன்மேல் ஏற்றுக்கொள்வது. அளவை நூல் (தருக்க நூல்) மரபில் அது நிறுவப்பட வேண்டிய கூற்றையே குறித்தது. சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் பொழிப்புரை மேற்கோள், ஏது (காரணம்), எடுத்துக்காட்டு என்று பிரிந்து செல்வதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்: மேற்கோள் என்பது அங்கே சான்று அல்ல, சான்று தேவைப்படும் கருத்து. பிறர் நூலிலிருந்து எடுத்துக்காட்டும் அடி என்ற பொருள் உரைகாரர்களின் நடைமுறையோடு ஒட்டி வளர்ந்து நிலைத்துவிட்டது. அதை இனி மாற்ற வேண்டியதில்லை. கொட்டேஷனுக்கு மேற்கோள் மிகப் பொருத்தமான சொல்.

சொல்லை எடுப்பதும் பொருளை எடுப்பதும் வேறு என்பது நம் மரபுக்குத் தெரியாததும் அல்ல. "முன்னோர் மொழிபொருளே அன்றி அவர்மொழியும் பொன்னேபோல் போற்றுவம்" என்று நன்னூல் இரண்டையும் பிரித்தே சொல்கிறது. உரைகாரர்களிடம் குறைவாக இருந்தது மூலத்தைக் காட்டும் பழக்கம். நச்சினார்க்கினியர் பாட்டடியைத் தந்துவிட்டு, நூலின் பெயரைச் சொல்லாமல் 'என்றார் பிறரும்' என்று முடிக்கும் இடங்கள் உண்டு. அவர் காலத்தில் படித்தவர்களுக்கு அந்த அடிகள் மனப்பாடம், பெயர் தேவைப்படவில்லை. 1887-இல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த உ.வே. சாமிநாதையரோ ஒவ்வோர் அடியும் எந்த நூலுடையது என்று கண்டுபிடிக்க ஏடு ஏடாகத் தேட வேண்டியிருந்தது. மேற்கோள் இருந்தது, சான்றுக்குறிப்பு இல்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

சான்று என்பது 'சால்' என்ற வேரிலிருந்து வருவது: நிறைதல், போதியதாதல். சான்றோரும் அதே வேர். "இந்திரனே சாலுங் கரி" என்ற குறளில் (25) கரி என்றால் சாட்சி. 'சாலும்' என்றால் போதும். சைட்டேஷன் வழக்கு மன்றத்துக்கு அழைக்கிறது. சான்று வழக்கு மன்றத்தில் நிற்கிறது. பொருள் இவ்வளவு நெருங்கிவரும்போது வேறு சொல்லைத் தேடிப் போக வேண்டாம்.

தமிழகத் தமிழ்த்துறைகளும் இந்தச் சொல்லை நெடுங்காலமாகப் பயன்படுத்தியே வந்திருக்கின்றன. ஆய்வேட்டில் இயல் முடிந்ததும் 'சான்றெண் விளக்கம்' என்ற பகுதி வரும். வரியின் தலைமேல் இடும் எண் சான்றெண். அந்த வரிசையில் வைத்தால் சான்று காட்டுதல் செயல், சான்றுக்குறிப்பு அதன் வடிவம், துணைநூற்பட்டியல் ஏட்டின் இறுதியில் வருவது. இலங்கையில் இந்தக் கடைசிப் பட்டியலுக்கு 'உசாத்துணை' என்பார்கள். உசாவுதற்குத் துணை, அழகான சொல், இங்கும் எடுத்துக்கொள்ளத் தக்கது.

ஒரு சான்றுக்குறிப்பில் என்னென்ன இருக்க வேண்டும்? சு. சந்திரசேகரின் வெள்ளைக் குள்ள விண்மீன் கட்டுரையை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் சந்திரசேகர், எஸ்.; ஆண்டு 1931; தலைப்பு 'த மேக்சிமம் மாஸ் ஆஃப் ஐடியல் ஒயிட் டுவார்ஃப்ஸ்'; இதழ் 'அஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னல்'; தொகுதி 74; பக்கம் 81–82; டிஓஐ 10.1086/143324. டிஓஐ என்பது கட்டுரைக்கு நிலையாகத் தரப்படும் அடையாள எண். இதில் சாய்கோட்டுக்கு முன்னிருப்பது வெளியீட்டாளருக்குரிய எண், பின்னிருப்பது கட்டுரைக்குரியது. இணைய முகவரி மாறலாம், டிஓஐ மாறாது. அதனால் உலாவியின் முகவரிப் பட்டையிலிருந்து நகலெடுத்து ஒட்டுவதை விட்டுவிடுங்கள். நூலகத்தின் வழியாக உள்நுழைந்திருக்கும்போது அந்த முகவரியில் நூலகப் பிராக்சியின் (இடைநிலைச் சேவையகத்தின்) பெயரும் கலந்திருக்கும். வெளியாள் சொடுக்கினால் கடவுச்சொல் கேட்கும் பக்கம்தான் திறக்கும்.

இதே ஆசிரியர் அதே 1931-இல் அரச வானியல் கழகத்தின் 'மன்த்லி நோட்டிசஸ்' இதழிலும் (தொகுதி 91, பக். 456) ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன் இரண்டாம் பகுதி, ஏறத்தாழ அதே தலைப்போடு, 1935-இல் அதே இதழில் வந்தது. வெறும் '(சந்திரசேகர் 1931)' என்றால் எது? 1931அ, 1931ஆ என்று பிரித்து, பட்டியலிலும் அப்படியே எழுத வேண்டும்.

இனித் தேடும் வழி. கூகுளில் நேரே தேடினால் பணம் கேட்கும் பக்கத்தில் போய் முட்டிக்கொள்வீர்கள். உங்கள் பல்கலைக்கழகம் அதே இதழுக்கு ஏற்கெனவே சந்தா கட்டியிருக்கலாம். 2025 ஜனவரி 1 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 வெளியீட்டாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் காந்திநகர் மையமான இன்ஃப்ளிப்நெட் அதை ஒருங்கிணைக்கிறது. வளாகத்துக்குள் கணினியின் ஐபி எண்ணை வைத்தே அனுமதி கிடைத்துவிடும். வீட்டிலிருந்து படிக்க வெளியணுகல் கணக்கு வேண்டும். நூலகரிடம் கேட்டு முதல் பருவத்திலேயே வாங்கிவிடுவது நல்லது. பிறகு கூகுள் ஸ்காலரின் அமைப்புகளில் நூலக இணைப்புகள் என்ற பகுதிக்குப் போய் உங்கள் பல்கலைக்கழகத்தைச் சேர்த்துவிட்டால், நூலகம் அந்த வசதியைச் செய்து வைத்திருக்கும் பட்சத்தில், தேடல் முடிவின் பக்கத்திலேயே முழுக் கட்டுரைக்கான இணைப்பு வரும். இந்திய ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம். எதிலும் கிடைக்காத கட்டுரையை நூலகங்களுக்கிடையிலான பரிமாற்றத்தில் கேட்டுப் பெறலாம். வெட்கப்படாமல் கேளுங்கள், நூலகரின் பணியே அதுதான்.

தமிழ் நூல்களைப் பட்டியலில் தேடும்போது ஒரு தனி இடர் உண்டு. வெளிநாட்டு நூலகங்களில் தமிழ்த் தலைப்புகள் ரோமன் எழுத்தில், குறில் நெடில் குறிகளோடு பதிவாகியிருக்கும். அங்கே 'சாமிநாதையர்' ஆங்கில எஸ் எழுத்தில் தொடங்க மாட்டார். 'கா' என்று படிக்கத் தோன்றும் சி எழுத்தில் (Cāminātaiyar) தொடங்குவார். பேச்சொலிப்படி தேடி, இல்லை என்று திரும்பிவிடாதீர்கள்.

சான்று தயாரிக்கும் மென்பொருளில் ஸோட்டெரோ இலவசம், போதுமானது. ஆனால் அது எடுத்துவரும் விவரத்தைக் கட்டுரையின் முதல் பக்கத்தோடு ஒப்பிட்டே ஆகவேண்டும். பெரிதும் தவறுவது இரண்டு இடங்கள். முதலாவது ஆண்டு: இணையத்தில் முன்கூட்டி வெளியான ஆண்டும் இதழ் தொகுதியின் ஆண்டும் வேறாக இருக்கும், தொகுதி எண்ணைத் தருகிறீர்கள் என்றால் அந்தத் தொகுதியின் ஆண்டையே தாருங்கள். இரண்டாவது பெயர். மென்பொருளுக்குக் கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர். தமிழர் பெயரில் அப்படி ஒன்று இல்லை. சுப்பிரமணியன் சந்திரசேகர் என்பதில் தந்தை பெயர் முன்னால் இருப்பதால் மென்பொருள் தற்செயலாகச் சரியாகச் செய்துவிடுகிறது. தந்தை பெயரைப் பின்னால் விரித்து எழுதியவர்களைத் தந்தையின் பெயரிலேயே அகரவரிசைப்படுத்திவிடும். தமிழ் ஆசிரியர்களுக்குப் பெயரை முன்னும் தலைப்பெழுத்தைப் பின்னும் வைத்துக் கையாலே திருத்துவதுதான் வழி.

'மேலது' என்பதிலும் கவனம் வேண்டும். முந்தைய குறிப்பிலுள்ள அதே நூல் என்பது அதன் பொருள். எழுதி முடித்தபின் இடையில் ஒரு புதிய அடிக்குறிப்பைச் செருகினால், அதன் கீழுள்ள மேலது வேறு நூலைக் காட்டத் தொடங்கிவிடும். கணினி இதைக் கண்டுபிடிக்காது. சான்று காட்டும் முறைகளில் ஒன்றான சிகாகோ முறையின் 2017-ஆம் ஆண்டுப் பதிப்பே இவ்வகைச் சொல்லைத் தவிர்க்கச் சொல்லிவிட்டது. ஆசிரியர் பெயரும் சுருக்கத் தலைப்பும் பக்க எண்ணும் எழுதினால் எத்தனை குறிப்பைச் செருகினாலும் பிழை வராது.

நூலில் திருவள்ளுவர் ஆண்டு மட்டும் அச்சாகியிருந்தால் அதிலிருந்து 31-ஐக் கழித்து, 'தி.ஆ. 2010 [1979]' என்று இரண்டையும் தரவேண்டும். சதுர அடைப்பு, அந்த ஆண்டு நூலில் அச்சாகவில்லை, சான்று காட்டுபவர் கணக்கிட்டுச் சேர்த்தது என்பதைக் குறிக்கும்.