புளித்தண்ணியைக் கீழே வையுங்கள்

கம்பத்தில் நாய், பூனை பார்க்கிற டாக்டருக்கு ராத்திரியில் போன் வந்தால் பாதி நாள் அது மலை மேலிருந்துதான் வரும். கம்பம்மெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருப்பவர்கள், குமுளியில் கடை வைத்திருப்பவர்கள், "டாக்டரே, பட்டிக்குச் சுகமில்லா" (நாய்க்கு உடம்பு சரியில்லை) என்று மலையாளத்தில் ஆரம்பித்துப் பாதியிலேயே தமிழுக்கு வந்துவிடுகிறவர்கள். எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: வாயில் என்ன ஊற்றினீர்கள்?

ஜீப் ஓட்டுகிற அண்ணன் ஒருவர், செவலை நிறம், கரு மூஞ்சி, அசல் கோம்பை நாய் ஒன்று வளர்த்தார். தோட்டத்தில் பூச்சிமருந்து கலக்கிய வாளியை அது நக்கிவிட்டது. "ஒண்ணும் குடுக்கல டாக்டரம்மா. புளியைக் கரைச்சு ஊத்தினோம், வாந்தி வரலன்னு உப்புத்தண்ணி, அப்புறம் ரெண்டு பச்சை முட்டை." இதெல்லாம் அவர் கணக்கில் ஒன்றுமில்லை! வந்து சேர்ந்தபோது எச்சில் நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது, தொடைச் சதை தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. அந்த அண்ணன் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார், மருந்து பாட்டிலைக் கையோடு கொண்டுவந்திருந்தார். கடும் விஷம் என்று சிவப்பு முக்கோணம் போட்ட, ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து. அதற்கு மாற்று மருந்தான அட்ரோபின் போட்டோம், விஷம் அடங்கியது. ஆனால் மயக்கத்தில் இருந்த நாய்க்கு ஊற்றிய புளித்தண்ணியும் முட்டையும் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போயிருந்தன. விஷத்துக்குத் தப்பியது நிமோனியாவில் மூன்றாம் நாள் போய்விட்டது.

அதனால் சொல்கிறேன், வீட்டில் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்பு அதிகமானால் ரத்தத்தில் சோடியம் ஏறி அதுவே வலிப்பைக் கொண்டுவரும். புளி இன்னும் மோசம். நாய்க்குத் திராட்சை ஆகாது, சிலதுக்குக் கொஞ்சம் தின்றாலே சிறுநீரகம் நின்றுவிடும், அதற்குக் காரணம் திராட்சையில் இருக்கும் டார்டாரிக் அமிலம்தான் என்று இப்போது சந்தேகிக்கிறார்கள். அதே அமிலம் புளியில் நிறையவே இருக்கிறது. புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சை விளைகிற பள்ளத்தாக்கில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனால் உதிர்ந்த பழத்தை நாய்க்குப் போடுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். மருந்து மேலே பட்டிருந்தால் கையுறை போட்டுக்கொண்டு சோப்பும் தண்ணீரும் வைத்துக் கழுவுங்கள். குடித்திருந்தால் பாட்டிலை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். அவ்வளவுதான்.

முதலுதவிப் பெட்டியில் என்ன வைக்கலாம் என்று கேட்பவர்களிடம், பெட்டி அப்புறம், இன்றைக்கு ராத்திரி நாயின் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள் என்பேன். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். கோம்பை மாதிரி ஈறு கறுப்பாக இருக்கிற நாய்க்குக் கீழ் இமையை இழுத்து உள்ளே பாருங்கள். நன்றாக இருக்கும்போது பார்த்துப் பழகியவருக்குத்தான், அது வெளுத்துப்போனதும் நீலம் பாய்ந்ததும் ஆபத்து நேரத்தில் கண்ணில் படும். போனில் "டல்லா இருக்கு" என்று நூறு பேர் சொல்கிறார்கள், "ஈறு வெள்ளையா இருக்கு" என்று ஒருவர் சொன்னால் நான் அப்போதே ஊசியை எடுத்து வைத்துவிடுவேன். கூடவே எடையும் தெரிந்திருக்கட்டும். டோஸ் எல்லாம் கிலோ கணக்கில்தான். நாயைத் தூக்கிக்கொண்டு நீங்கள் தராசில் ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் தீர்ந்தது.

வலிப்பு வந்த மனிதர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிற பழக்கத்தை நாய்க்கும் கொண்டுவந்துவிட்டார்கள், சாவியை வாயில் வைக்கப் போய் விரலைக் கிழித்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வாய்ப் பக்கமே போகாதீர்கள். சுற்றியிருக்கும் சாமானை நகர்த்துங்கள், விளக்கை அணையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி மறுபடி வந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

பாம்புக்கடிக்குக் கயிறு கட்டாதீர்கள், பிளேடால் கீறாதீர்கள். நாயை நடக்க விடாமல் தூக்கி வாருங்கள். பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டாம், தூரத்திலிருந்து ஒரு போட்டோ போதும். போட்டோ எதற்கென்றால், நம்மிடம் இருக்கிற விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கு மட்டும்தான். ஏலக்காட்டில் கிடக்கும் குழிவிரியனுக்கு அது கேட்காது, அங்கே வைத்தியமே வேறு.

வெயில் தாக்கி மூச்சிரைக்கும் நாய்க்கு ஐஸ் வேண்டாம். சாதாரணத் தண்ணீரை மேலே ஊற்றி, விசிறிவிட்டுக்கொண்டே வாருங்கள். காயத்தில் ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து 5 நிமிடம் விடாமல் அழுத்துங்கள், நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது.

பூனைக்காரர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். காய்ச்சலுக்கு நாம் போடுகிற பாரசிட்டமால் ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். அதன் கல்லீரலால் அந்த மருந்தைக் கழிக்க முடியாது. முகமும் பாதமும் வீங்கி, ஈறு சாக்லேட் நிறத்துக்குப் போகும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தை மிச்சம் இருக்கிறதே என்று பூனைக்குத் தடவுவதும் அப்படித்தான், அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் உடம்பு உதற ஆரம்பித்துவிடும். இன்னொன்று, கடுவன் பூனை மண்ணில் போய்ப் போய் உட்கார்ந்து முக்கினால் அதை மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுத்து இரண்டு நாள் காத்திருக்கிறார்கள். முக்கால்வாசி அது மூத்திர அடைப்பு. ஒரு சொட்டும் வரவில்லை என்றால் மறுநாள் காலைவரைகூடப் பொறுக்காதீர்கள்.

சரி, பெட்டி. காஸ் துணி, பஞ்சு, கிரேப் பேண்டேஜ், சலைன் பாட்டில், பொவிடோன் அயோடின், டிஜிட்டல் தெர்மாமீட்டர் (ஆசனவாயில் வைப்பது, 101 முதல் 102.5 பாரன்ஹீட் சரியான சூடு), டார்ச். கூட ஒரு பழைய வேட்டியும் தலையணை உறையும். உறையில் பூனையைப் போட்டு வரலாம். வேட்டியில் ஒரு முழம் கிழித்தால் வாய்க்கட்டு. வலியில் இருக்கிற நாய் வளர்த்தவரையும் கடிக்கும். ஆனால் வாந்தி எடுக்கிற, மூச்சுத் திணறுகிற நாய்க்கு வாயைக் கட்டக் கூடாது. கடித்துவிட்டால், தடுப்பூசி போட்ட நாய்தானே என்று விடாமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நீங்கள் உங்கள் டாக்டரைப் பாருங்கள்.

கடைசியாக வழி. ராத்திரி யார் திறந்திருப்பார்கள், யார் போன் எடுப்பார்கள் என்று பகலிலேயே கேட்டு எழுதிவையுங்கள், 1962 என்ற கால்நடை அவசர உதவி எண்ணையும் சேர்த்து. மலை மேல் இருப்பவர்கள் சபரிமலை சீசனையும் கணக்கில் வைக்க வேண்டும். வண்டிகளை ஒரு மலைப்பாதையில் ஏற்றி இன்னொன்றில் இறக்குகிற நாட்களில் வழக்கமான வழியில் இறங்க முடியாமல் சுற்றி வந்தவர்கள் உண்டு. அந்த ஜீப் அண்ணன் இப்போது குட்டி ஒன்று வளர்க்கிறார். ஸ்டியரிங் பக்கத்தில் சாமி படத்துக்குக் கீழே ஒரு அட்டை ஒட்டியிருக்கிறார்: குட்டியின் எடை, என் நம்பர், குமுளி டாக்டர் நம்பர். எடையை மட்டும் மாதாமாதம் அடித்து அடித்துத் திருத்தியிருக்கிறார்.