கறிவேப்பிலை அழகியின் மாறுவேடம்

மொட்டைமாடித் தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருக்கிறதா? பட்டாம்பூச்சி பார்க்க அதுவே போதும். காலை 8 மணிக்கு மேல் வெயில் ஏறட்டும். உடல் சூடேறினால்தான் அவற்றால் நன்றாகப் பறக்க முடியும். உங்கள் நிழல் செடிமேல் விழாமல் சற்றுத் தள்ளி நில்லுங்கள்.

கரிய இறக்கை, பின்னிறக்கை நடுவில் வெள்ளைத் திட்டு, ஓரமெல்லாம் சிவப்புப் பிறைகள், கீழே வால். இப்படி ஒரு பட்டாம்பூச்சி வந்து இலைகளைத் தொட்டுத் தொட்டுப் பறக்கும். அதுதான் கறிவேப்பிலை அழகி. முன்னங்காலால் இலையைச் சுவை பார்த்து, சரியான செடிதானா என்று உறுதி செய்துகொண்டு முட்டையிடும். பூங்காவில் இட்லிப்பூவில் தேன் குடிக்கும் ரோஜா அழகி என்ற பட்டாம்பூச்சியும் கிட்டத்தட்ட இதே உருவம்தான். ஆனால் இரண்டும் வேறு வேறு.

இறக்கையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். உடலைப் பாருங்கள். ரோஜா அழகிக்கு உடல் சிவப்பு. கறிவேப்பிலை அழகிக்குக் கறுப்பு. கைபேசியில் படம் எடுக்கும்போது பக்கவாட்டில் ஒன்று எடுத்துவிட்டால் பிறகு குழப்பமே இராது.

ஏன் இந்த ஒற்றுமை? ரோஜா அழகியின் புழு ஆடுதின்னாப்பாளையைத் தின்று, அதன் நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்கிறது. வளர்ந்து பட்டாம்பூச்சியான பிறகும் அந்த நஞ்சு இருக்கும். ஒருமுறை வாயில் வைத்த பறவை அந்தச் சிவப்பு, வெள்ளைக் கோலத்தை மறப்பதில்லை. கறிவேப்பிலை அழகியிடம் நஞ்சு கிடையாது. வேடம் மட்டுமே காப்பு. அதிலும் பெண்களுக்கு மட்டும், எல்லாப் பெண்களுக்கும் அல்ல. சில பெண்கள் ஆணைப் போலவே இருக்கும், சில சிவப்புடல் அழகி என்ற இன்னொரு வகைப் பட்டாம்பூச்சியைப் போல இருக்கும். போலிகள் பெருகிவிட்டால் பறவைகள் துணிந்து தின்னத் தொடங்கிவிடும் அல்லவா? இந்த வேடத்தைத் தீர்மானிப்பது ஒரே ஒரு மரபணு என்று 2014இல் கண்டறிந்தார்கள். பூச்சி ஆணாக வளர்வதா பெண்ணாக வளர்வதா என்பதில் பங்குள்ள அதே மரபணு! எனக்கு இன்றும் வியப்பு அடங்கவில்லை.

புழுவுக்கும் வேடம் உண்டு. சிறியதாக இருக்கும்வரை காக்கை எச்சம்போல் இலைமேல் கிடக்கும். கடைசித் தோலுரிப்புக்குப் பிறகு இலைப் பச்சை. லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து பாம்பின் நாக்குப்போல் பிளவுபட்ட சிவப்பு உறுப்பை நீட்டும், கூடவே ஒரு நெடி. பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். தயவுசெய்து மருந்து அடிக்காதீர்கள். நாலு கொத்து போனாலும் செடி துளிர்த்துவிடும். செடி ரொம்பச் சிறியது என்றால் புழுவை எலுமிச்சைக்கோ நாரத்தைக்கோ மாற்றிவிடலாம். எல்லாம் ஒரே குடும்பம்தான்.

அப்புறம் ஒருநாள் புழுவைக் காணோம் என்று தோன்றும். தண்டுகளின் அடிப்பக்கம் தேடுங்கள். இடுப்பில் ஒரு பட்டிழையைக் கட்டிக்கொண்டு, பச்சையாகவோ பழுப்பாகவோ கூட்டுப்புழு சாய்ந்து நிற்கும். கூடு பிளந்து வெளியே வந்ததும் ஈர இறக்கை விரிந்து காயும்வரை அது பறக்காது. பக்கத்தில் உட்கார்ந்து உடலின் நிறத்தை நிதானமாகப் பார்க்கலாம்.