கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே விழுகிறதா? ஃபார்மட் போடுமுன் பார்க்க வேண்டியவை

ஆன் செய்த கம்ப்யூட்டர் பாதியில் நின்றுபோகிறது, அல்லது திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிறது. உடனே காதில் விழும் ஆலோசனை, "ஃபார்மட் போட்டுப் பாருங்கள்." ரேம் சரியாக உட்காரவில்லை என்றாலோ, டிஸ்க் கெட்டுக்கொண்டிருக்கிறது என்றாலோ ஃபார்மட்டால் ஒன்றும் ஆகப்போவதில்லை. உள்ளே இருந்த போட்டோக்களும் கணக்குகளும் போனதுதான் மிச்சமாகும். எதையும் கழற்றுவதற்கும் அழிப்பதற்கும் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது, சரியாக எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதுதான்.

மதர்போர்டு கம்பெனியின் லோகோகூட வராமல் நின்றால் விண்டோஸைக் குறை சொல்ல முடியாது. அது இன்னும் ஓடவே தொடங்கவில்லை. விண்டோஸ் தொடங்கிப் புள்ளிகள் சுற்றும்போது நின்றால் சந்தேகம் டிரைவர் (ஒவ்வொரு பாகத்தையும் இயக்கும் மென்பொருள்), சிஸ்டம் ஃபைல், டிஸ்க் மீது போக வேண்டும். ரேமையும் விட்டுவிட முடியாது. டெஸ்க்டாப் வந்து ஓரிரு நிமிடத்தில் விழுந்தால், தானாகத் தொடங்கும் புரோகிராம்கள், கிராஃபிக்ஸ் டிரைவர், ப்ராசஸர் சூடு ஆகியவற்றைப் பாருங்கள். ஆன் செய்வதிலிருந்து விழும் வரை திரையை மொபைலில் வீடியோ எடுத்துவிடுவது நல்லது. அரை நொடி மின்னி மறையும் வரிகளை அப்போதுதான் நிறுத்திப் படிக்க முடியும்.

அடுத்து கீபோர்டு, மவுஸ் தவிர யுஎஸ்பியில் இருக்கும் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். மறந்துபோன ஒரு பென்டிரைவோ கார்டு ரீடரோ கம்ப்யூட்டர் பூட் ஆவதை, அதாவது தொடங்குவதை, நிறுத்திவைப்பது சகஜம்.

ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டாக இருக்கிறது என்றால் முதலில் மானிட்டர் கேபிளைப் பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தும் கேபிள் மதர்போர்டில் சொருகப்பட்டிருக்கலாம். பிறகு ப்ராசஸருக்குப் பக்கத்தில் இருக்கும் 4 அல்லது 8 பின் பவர் கனெக்டர். அது கழன்றிருந்தாலும் ஃபேன் சுற்றும், விளக்கும் எரியும், ஆனால் ப்ராசஸர் வேலை செய்யாது. புதிய மதர்போர்டுகள் பலவற்றில் சிபியு (ப்ராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்) என்று நான்கு சிறிய விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கே தேடுங்கள். பயாஸ் என்பது விண்டோஸுக்கு முன்னால் ஓடும் மதர்போர்டின் புரோகிராம். பீப் ஒலியின் கணக்கு பயாஸுக்குப் பயாஸ் மாறும், அதனால் மேனுவலைப் பார்க்காமல் அர்த்தம் சொல்ல வேண்டாம்.

ரேமைத் தொடுமுன் மெயின் பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஐந்து நொடி அழுத்தி, மிச்சமிருக்கும் மின்சாரத்தை வடித்துவிட்டு, கேபினெட்டின் உலோகத்தை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். தங்க நிறப் பட்டைகளை அழிரப்பரால் தேய்ப்பது பரவலான பழக்கம். வேலை செய்யும்தான், ஆனால் மெல்லிய பூச்சும் சேர்ந்து தேய்கிறது, துகளும் ஸ்லாட்டில் விழுகிறது. பஞ்சு உதிராத துணியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிடுவதே மேல். திரும்பச் சொருகும்போது 'க்ளிக்' என்று கிளிப் தானாக மூட வேண்டும். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துப் பாருங்கள், பிறகு மற்றதை, பிறகு ஸ்லாட்டை மாற்றி. ஒரே ரேம் எந்த ஸ்லாட்டிலும் ஓடவில்லை என்றால் ரேம் போய்விட்டது. எந்த ரேமை வைத்தாலும் ஒரே ஸ்லாட் தகராறு செய்தால் மதர்போர்டு பக்கம் பார்க்க வேண்டும். பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் ஆகியிருந்தால் அணைத்துவிட்டுச் சோதியுங்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐ பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிடலாம். அதில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பழுதுதான், 'ஒன்றுதானே' என்று விட முடியாது.

விண்டோஸ் பிழை காட்டும் நீலத் திரை எதுவும் இல்லாமல், சுவிட்சை அணைத்ததுபோல் பட்டென்று நின்றால் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் தரும் பெட்டி) அல்லது சூடு. பயாஸ் திரையில் சும்மா விட்டாலே ப்ராசஸர் வெப்பம் 90 டிகிரியை நோக்கி ஏறினால் கூலர் கழன்றிருக்கும், அல்லது தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் 12 வோல்ட் லைன் 11.4க்கும் 12.6க்கும் நடுவில் நிற்க வேண்டும். பயாஸ் காட்டும் எண் தோராயமானதுதான். நன்றாக ஓடும் வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்ப்பதுபோல நம்பகமான சோதனை இல்லை. அதைத் திறந்து பார்க்க மட்டும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கப்பாசிட்டரில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

பலர் கண்ணில் படாத ஒரு சின்னப் பொருள் சிஆர்2032 பேட்டரி, அந்த 3 வோல்ட் பட்டன் செல். இரவில் மெயின் சுவிட்சையும் அணைத்துவிடும் வீடுகளில் பயாஸின் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்தால் காலையில் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். பல மதர்போர்டுகளில் பயாஸ் அமைப்புகளும் கம்பெனி நிலைக்குத் திரும்பிவிடும். சாட்டா முறை (மதர்போர்டு டிஸ்குடன் பேசும் விதம்) ரெய்டில் இருந்து ஏஹெச்சிஐக்கு மாறினாலே போதும், நேற்று வரை ஓடிய விண்டோஸ் 'இன்ஆக்ஸசிபிள் பூட் டிவைஸ்' (தொடங்க வேண்டிய டிஸ்கை அணுக முடியவில்லை) என்று நின்றுவிடும். டிஸ்க் போய்விட்டதென்று நினைத்து ஃபார்மட் போடுவது பெரும்பாலும் இங்கேதான். செல்லை மாற்றி, சாட்டா முறையைப் பழையபடி வைத்தால் எல்லாம் அப்படியே திரும்பிவரும்.

விண்டோஸ் வரை வந்து விழுந்தால் அதன் ரிப்பேர் திரைக்குள் போக வேண்டும். லோகோ தெரிந்ததும் பவர் பட்டனை 10 நொடி அழுத்தி அணையுங்கள். இரண்டு முறை இப்படிச் செய்தால் மூன்றாவது முறை அந்தத் திரை தானாக வரும். ட்ரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் ரீஸ்டார்ட் கொடுத்தால் எண்ணிட்ட பட்டியல் ஒன்று வரும். 4 சேஃப் மோட், அதாவது அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் ஓடும் முறை. 9ஐ அழுத்தினால் கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகாமல் நீலத் திரையிலேயே நிற்கும், ஸ்டாப் கோடை, அதாவது பிழையின் பெயரை, நிதானமாகப் படிக்கலாம். விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில் அந்தத் திரை இப்போது கறுப்பு.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோடு வந்தால் ரேம் அல்லது பவர் என்று சந்தேகியுங்கள். ஒரே கோடு, ஒரே டிரைவர் ஃபைலின் பெயர் என்றால் அந்த டிரைவரைப் பிடியுங்கள். 'கிரிட்டிக்கல் ப்ராசஸ் டைட்' என்பதற்குச் சிஸ்டம் ஃபைல் கெட்டது காரணமாகலாம், டிஸ்க் நடுவில் காணாமல் போனதும் காரணமாகலாம். விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரில் வரும் 'கெர்னல்-பவர் 41'ஐ வைத்து எஸ்எம்பிஎஸ் வாங்கப் போய்விடாதீர்கள். முந்தைய முறை ஒழுங்காக அணைக்கப்படவில்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை.

சேஃப் மோடில் நன்றாக ஓடினால் பாதிக் கவலை தீர்ந்தது. கடைசியாகப் போட்ட டிரைவரையும் அப்டேட்டையும் நீக்குங்கள். 2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களைப் படுக்கவைத்த கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பழுதுக்கும் கைவைத்தியம் இதுதான்: சேஃப் மோடில் நுழைந்து, கோளாறான ஒரு ஃபைலை அழிப்பது. பலர் மாட்டிக்கொண்டது, டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் கேட்ட 48 இலக்க ரெக்கவரி கீ கையில் இல்லாததால். பயாஸ் மாற்றத்துக்குப் பிறகும் பிட்லாக்கர் அந்தக் கீயைக் கேட்கலாம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று பயாஸில் எதையும் மாற்றுமுன் பார்த்துவிடுங்கள்.

டிஸ்க் மீது சந்தேகம் இருந்தால் விண்டோஸின் 'செக் டிஸ்க்' சோதனையை ரிப்பேர் முறையில் ஓட்டுவது முதல் வேலையாக இருக்கக் கூடாது. சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்கை மணிக்கணக்கில் உழவைத்தால் எடுக்கக்கூடிய ஃபைலும் போய்விடும். உபுண்டு (பென்டிரைவிலிருந்தே ஓடும் இலவச ஆபரேட்டிங் சிஸ்டம்) பென்டிரைவில் பூட் செய்து முக்கியமானதை வேறு டிஸ்குக்கு நகல் எடுங்கள், பிறகு டிஸ்க் தன் நிலைமையைப் பதிந்துவைக்கும் ஸ்மார்ட் எண்களைப் பாருங்கள். மாற்றி ஒதுக்கக் காத்திருக்கும் செக்டர்கள் (டிஸ்கின் சிறு பகுதிகள்) என்ற வரியும், மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள் என்ற வரியும் பூஜ்யத்திலிருந்து ஏறிக்கொண்டே போனால் டிஸ்கை மாற்ற வேண்டியதுதான். சிஆர்சி பிழை (தகவல் வரும் வழியில் சிதைவது) மட்டும் ஏறினால் பெரும்பாலும் சாட்டா கேபிள். அதை மாற்றினால் எண் அதற்கு மேல் ஏறாது. ஹார்ட் டிஸ்கில் 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டால் உடனே அணையுங்கள். எஸ்எஸ்டி இப்படிச் சத்தம் போட்டு எச்சரிக்காது, ஒரு நாள் பயாஸிலிருந்தே மறைந்துவிடலாம்.

டிஸ்க் நன்றாக இருந்தால் ரிப்பேர் திரையின் கமாண்ட் பிராம்ப்டில் சிஸ்டம் ஃபைல்களைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி கட்டளையை ஆஃப்பூட்டிர் (/offbootdir), ஆஃப்விண்டிர் (/offwindir) என்ற இரண்டு சேர்க்கைகளோடு ஓட்டலாம். அங்கே டிரைவ் எழுத்து மாறியிருக்கக்கூடும், விண்டோஸ் ஃபோல்டர் எதில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

இன்னொன்று உண்டு: ரீஸ்டார்ட் செய்தால் ஒழுங்காக வருகிறது, ஷட் டவுன் செய்துவிட்டு ஆன் செய்தால் மட்டும் விழுகிறது. இது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பின் வேலையாக இருக்கலாம். அது ஷட் டவுனின்போது விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலின் நிலையை டிஸ்கில் சேமித்து, அடுத்த முறை அதையே ஏற்றுகிறது. ரீஸ்டார்ட்டில் எல்லாம் புதிதாகத் தொடங்குகிறது. பவர் ஆப்ஷன்ஸில் அதை அணைத்துவிட்டுச் சில நாள் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு விண்டோஸைப் புதிதாகப் போடத்தான் வேண்டும் என்றால், 'கீப் மை ஃபைல்ஸ்' என்ற ரீசெட்டை முதலில் முயலலாம். புரோகிராம்கள் போகும், சொந்த ஃபைல்கள் இருக்கும். முழு ஃபார்மட் என்றால் மற்ற டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றிவைத்துவிட்டுத் தொடங்குங்கள். இல்லையென்றால் விண்டோஸ் ஒரு டிஸ்கிலும் அதன் பூட் ஃபைல்கள் இன்னொன்றிலும் போய் உட்காரக்கூடும். பிறகு அந்த இரண்டாவது டிஸ்கை எடுத்தால் கம்ப்யூட்டர் மறுபடியும் பூட் ஆகாது.