வினைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் டியூஷன் முடிந்து நிற்கும் பிள்ளை அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் எழுதும்: 'மா, கேன் ஃபெட்ச் மீ?' லண்டனில் வளரும் பிள்ளை இதையே 'குட் யூ பிக் மீ அப்?' என்று கேட்கும். வந்து ஏற்றிக்கொண்டு போங்கள் என்பதுதான் இரண்டிலும் விஷயம். நம் ஊர் ஆங்கிலம் ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொள்கிறது. அங்கேயோ 'பிக்' ஒரு பக்கம், 'அப்' மறுபக்கம், நடுவில் 'மீ', எல்லாவற்றுக்கும் முன்னால் 'குட்' வேறு.

முன்னால் வருவது மோடல் வெர்ப். கேன், குட், மே, மைட், மஸ்ட், ஷுட், வில், வுட் எல்லாம் இந்தக் குடும்பம்தான். முடியுமா, கட்டாயமா, வெறும் ஊகமா என்று பேசுபவரின் நிலையைச் சொல்வது இதன் வேலை. பின்னால் வரும் அப், அவுட், ஆஃப், டவுன் போன்ற சிறுசொல் வினையின் பொருளையே மாற்றிவிடும். 'கிவ்' என்றால் கொடு. 'கிவ் அப்' என்றால் கைவிடு. 'கிவ் இன்' என்றால் பணிந்துபோ. இப்படி வினையும் சிறுசொல்லும் சேர்ந்து ஒரே பொருள் தருவதற்கு ஃபிரேசல் வெர்ப் என்று பெயர். அந்தப் பெயர் 1925இல் லோகன் பியர்சல் ஸ்மித் எழுதிய நூல் வழியாகப் பரவியது. ஆனால் சிக்கல் அதற்கும் முந்தியது. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே, வெளிநாட்டார் மிகவும் திணறும் இடம் இது என்று எழுதிவிட்டார்.

இரண்டும் சேர்ந்து வந்தால் கஷ்டம் இரட்டிப்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் கணக்கில் அது தலைகீழ். மோடல் முன்னால் வந்துவிட்டால் வினை உருமாறாது. 'டேக் ஆஃப்' என்பதைத் தனியாகச் சொல்லும்போது டேக்ஸ் ஆஃப், டுக் ஆஃப், ஹேஸ் டேக்கன் ஆஃப் என்று காலத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப மாற்ற வேண்டும். 'கேன்' முன்னால் வந்ததும் அந்தத் தொல்லை போய்விடுகிறது. ஐ கேன் டேக் ஆஃப், ஷீ கேன் டேக் ஆஃப், தே கேன் டேக் ஆஃப். புதிதாக ஒரு ஃபிரேசல் வெர்ப் படிக்கிறவர் மோடலோடு சேர்த்துப் பழகுவதே நல்லது என்பேன்.

'ஷீ கேன்ஸ்' என்று ஏன் வருவதில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. கேன், மே, ஷெல், மஸ்ட் ஆகியவை ஜெர்மானிய மொழிகளின் மிகப் பழைய காலத்தில் இறந்தகால வடிவங்களாக இருந்தவை. பிறகு நிகழ்காலப் பொருளுக்கு மாறின. இறந்தகால வடிவத்துக்கு அந்த 'ஸ்' ஒட்டு கிடையாது. பொருள் மாறிய பின்னும் பழைய உருவம் அப்படியே நின்றுவிட்டது.

சரி, அப்புறம் எதில் கவனம் வேண்டும்? செயப்படுபொருளை எங்கே வைப்பது என்பதில்தான். 'யூ மஸ்ட் டர்ன் ஆஃப் த ஃபேன்' என்றும் சொல்லலாம், 'யூ மஸ்ட் டர்ன் த ஃபேன் ஆஃப்' என்றும் சொல்லலாம். ஆனால் ஃபேனுக்குப் பதிலாக 'இட்' வந்தால் ஒரே வழிதான்: 'யூ மஸ்ட் டர்ன் இட் ஆஃப்'. ஆங்கிலம் புதிய செய்தியையும் நீளமான சொற்றொடரையும் வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ள விரும்பும் மொழி. 'இட்' என்பது ஏற்கனவே தெரிந்த பொருள், ஓசையிலும் மெலிந்தது. அதனால் நடுவில் புகுந்துகொள்கிறது. 'மாடி ஹாலில் இருக்கிற எல்லா ஃபேன்களையும்' என்பதுபோல் நீண்டுவிட்டால் 'டர்ன் ஆஃப்' இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, மிச்சத்தைப் பின்னால் வைப்பதுதான் இயல்பு. 'லுக் ஆஃப்டர்' போன்றவை மட்டும் பிரியவே பிரியாது. 'கேன் யூ லுக் ஆஃப்டர் ஹிம்?' என்றுதான் வரும்.

இந்த இடத்தில் மலேசிய ஆங்கிலம் செய்திருக்கும் வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். நம் வீடுகளில் யார் 'டர்ன் ஆஃப்' என்கிறார்கள்? 'ஆஃப் த ஃபேன்', 'ஆன் த லைட்' என்றுதான் சொல்கிறோம். பொருளின் கனம் முழுக்க 'ஆஃப்' மேல் இருப்பதால், 'டர்ன்' கழன்றுபோய் சிறுசொல்லே வினையாகிவிட்டது. நேர்முகத் தேர்விலும் அலுவலக மின்னஞ்சலிலும் 'டர்ன்' வேண்டும்தான். ஆனால் வீட்டில் பேசுவதைத் தப்பு என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்ளத் தேவையில்லை.

கனம் எங்கே இருக்கிறது என்பது காதிலும் கேட்கும். 'ஐ கேன் பிக் இட் அப்' என்பதைப் பிரிட்டன்காரர் வேகமாகச் சொன்னால் 'ஐ கன் பிக்கிடப்' என்று காதில் விழும். 'கேன்' தேய்ந்து, 'இட்' ஒட்டிக்கொண்டு, அழுத்தம் கடைசி 'அப்'பில் வந்து நிற்கும். இதுவே ஹைலக்ஸ் மாதிரியான பிக்-அப் வண்டி என்றால் அழுத்தம் 'பிக்'கின் மேல் ஏறிவிடும். நாம் ஒவ்வொரு அசைக்கும் ஏறக்குறைய ஒரே அளவு நேரம் கொடுத்துப் பேசுகிறவர்கள். 'கேன்' முழுசாக ஒலிக்கும். அமெரிக்கக் காதில் அழுத்திச் சொன்ன 'கேன்', சில நேரம் 'கேண்ட்' என்று விழுந்து, 'முடியாது' என்று அர்த்தமாகிவிடும். முடியாது என்பதற்கு நாம் 'கென்நாட்' என்று முழுச் சொல்லாகவே சொல்வதால், நமக்குள் அந்தக் குழப்பம் வருவதில்லை.

தமிழில் இதெல்லாம் இல்லாமல் இல்லை. 'எழுதி வைத்திருக்க வேண்டும்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 'ஷுட் ஹேவ் ரிட்டன் டவுன்'. 'ஷுட்' செய்வதை 'வேண்டும்' செய்கிறது, 'ஹேவ்' செய்வதை 'இருக்க' செய்கிறது. ஆங்கிலத்தில் முதலில் நிற்பது தமிழில் கடைசியில் நிற்கிறது, கண்ணாடியில் பார்ப்பதுபோல. 'வை' மட்டும், 'டவுன்' போலவே, வினைக்குப் பின்னால் ஒட்டி நிற்கிறது. எழுதுவது வேறு, எழுதி வைப்பது வேறு. சாப்பிடுவது வேறு, சாப்பிட்டுவிடுவது வேறு. வினைக்குப் பின்னால் ஒரு சிறு உறுப்பைச் சேர்த்துப் பொருளைத் திருப்புவது நமக்குக் கைவந்த பழக்கம்தான்.

இந்த 'ஹேவ்' வரும் இடத்தில்தான் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, வினை மறுபடியும் உருமாறும்: ரிட்டன், டேக்கன், மிக்ஸ்ட். இன்னொன்று கொஞ்சம் ஆபத்தானது. பினாங்கிலிருந்து அனுப்பிய பெட்டி வேறு முகவரிக்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். 'லேபிளை மாற்றி ஒட்டியிருக்க வேண்டும்' என்கிறோம். தமிழில் இதற்கு இரண்டு அர்த்தம்: மாற்றி ஒட்டிவிட்டார்கள் போலிருக்கிறது என்ற ஊகம், மாற்றி ஒட்டியிருந்தால் சரியாக இருந்திருக்கும் என்ற குறை. குரலும் சூழலும்தான் எது என்று காட்டும். ஆங்கிலம் இதைப் பிரித்து வைத்திருக்கிறது. 'தே மஸ்ட் ஹேவ் மிக்ஸ்ட் அப் த லேபிள்ஸ்' என்றால் ஊகம். 'தே ஷுட் ஹேவ் மிக்ஸ்ட் அப் த லேபிள்ஸ்' என்று வாடிக்கையாளருக்கு எழுதிவிட்டால், லேபிளைக் குழப்பாமல் விட்டதுதான் தவறு என்று நீங்கள் சொல்வதாக அவர் படிப்பார்.