பதில் வரவில்லை என்றால் பணம் போகவில்லை என்று அர்த்தமில்லை

வங்கி மென்பொருள் எழுதுகிறேன் என்று சொன்னதும் பலரும் கேட்பது, "கணக்கில் பணம் கழிந்துவிட்டது, ஆனால் கைக்கு வரவில்லை, அது எங்கேதான் இருக்கும்?" நியாயமான கேள்வி. எங்கள் வேலையில் பெரும்பகுதி இதற்குப் பதில் தேடுவதிலேயே போகிறது.

வேறொரு வங்கியின் ஏடிஎம்மில் பணம் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கார்டு செய்திகளுக்கு ஐஎஸ்ஓ 8583 என்று ஒரு தரம் உண்டு, 1987இல் வெளியானது, இன்னமும் ஓடுகிறது. மெஷினிலிருந்து 0200 என்ற வகைச் செய்தி கிளம்பி நெட்வொர்க் வழியாக உங்கள் வங்கிக்கு வரும். வங்கி பேலன்ஸைப் பார்த்து, பணத்தைக் கழித்துவிட்டு, 0210 என்று பதில் அனுப்பும். அந்தப் பதில் திரும்பும் வழியில் தொலைந்தால்? வங்கியைப் பொறுத்தவரை வேலை முடிந்தது, மெஷினைப் பொறுத்தவரை அனுமதியே வரவில்லை. அப்போது 0420 என்று ஒரு ரிவர்சல் செய்தி வங்கிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் கழித்த பணம் கணக்கில் திரும்ப ஏறும். அதுவும் சிக்கிக்கொண்டால், இரு தரப்புக் கணக்கையும் வரி வரியாக ஒப்பிடும் ரீகன்சிலியேஷன் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இந்தத் துறைக்குப் புதிதாக வரும் டெவலப்பர்களிடம் நான் விடாமல் சொல்வது இதுதான்: டைம்அவுட் ஆனால், அதாவது குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால், 'தோல்வி' என்று எழுதாதீர்கள். தெரியவில்லை என்பதும் ஒரு நிலைதான், அதற்குத் தனியாக ஒரு ஸ்டேட்டஸ் வையுங்கள். மறுபடி அனுப்பியே ஆகவேண்டும் என்றால் பழைய ரெஃபரன்ஸ் நம்பரோடே அனுப்புங்கள், வாங்கும் பக்கம் அதே நம்பரை ஏற்கெனவே பார்த்திருந்தால் பணத்தைக் கழிக்காமல் முன்பு கொடுத்த பதிலையே திருப்பித் தரவேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் புது நம்பர் போடும் புரோகிராம், ஒருவருடைய சம்பளப் பணத்தை இரண்டு முறை கழித்துவிடும். டெஸ்ட் சர்வரில் எல்லாப் பதிலும் ஒழுங்காக வந்துவிடுவதால் இந்தப் பிழை அங்கே கண்ணில் படாது. பதிலை வேண்டுமென்றே விழுங்கிவிடும் டெஸ்ட் ஒன்றை எழுதாமல் ரிலீஸுக்கு விடுவது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஒப்பீடு, வட்டிக் கணக்கு எல்லாம் பெரும்பாலும் இரவில் பேட்ச் வேலைகளாக, அதாவது மொத்தமாகச் சேர்த்துவைத்து ஒரேயடியாக, ஓடும். யார் கண்ணிலும் படாத வேலை. 2012 ஜூனில் பிரிட்டனின் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து குழுமத்தில், பேட்ச் வேலைகளை வரிசைப்படுத்தும் மென்பொருளின் அப்கிரேடு தவறிப்போய், பிரிட்டனில் மட்டும் 65 லட்சம் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். 2014இல் கட்டுப்பாட்டு அமைப்புகள் 5.6 கோடி பவுண்டு அபராதம் போட்டன.

சரி, வாடிக்கையாளராக நீங்கள் என்ன செய்யலாம்? 'செயல்பாட்டில் உள்ளது' என்று திரையில் வந்தால் மறுபடி அனுப்ப வேண்டாம். உங்கள் கைப்பேசியில் பட்டனை இன்னொருமுறை அழுத்தினால் பல செயலிகளில் அது புது நம்பரோடு போகும் புதுப் பரிவர்த்தனை, முதலாவதும் பின்னால் நிறைவேறினால் பணம் இருமுறை போய்விடும். ரெஃபரன்ஸ் நம்பர், நேரம், தொகை மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள், அப்புறம் ஸ்டேட்மெண்டைப் பாருங்கள். பணம் திரும்பவில்லையென்றால் வங்கியின் செயலியிலோ கார்டின் பின்புறமோ உள்ள எண்ணில் மட்டும் புகார் கொடுங்கள். இந்தப் பதற்றமான நேரத்தில் இணையத்தில் தேடிக் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' எண்களில் மோசடிக்காரர்கள் வைத்தவையும் உண்டு. ரிவர்சல் போட எங்களுக்கு உங்கள் ஓடிபியோ பின் நம்பரோ தேவையே இல்லை, அந்த ரெஃபரன்ஸ் நம்பர் இருந்தால், சிஸ்டம் தானாக எழுதிவைக்கும் பதிவான லாகில் தேடி எடுத்துவிடுவோம்.